விட்டிலும் விளக்குப்பொறியும்: பதிவேடு ஒன்றின் தேவை

முன்னுரை

விளக்கில் வீழ்ந்து மாயும் விட்டிலைத் தமிழ்ப் புலவர்கள் ஆசைக்கு அடிமையாகி அழிவோர்க்கு உவமையாக்கினர். பாரசீகப் பெருங்கவிஞர் அத்தார், ‘பறவைகளின் மாநாடு’ என்னும் தம் காவியத்தில், அதே பூச்சியை இறைக்காதலில் தன்னை இழக்கும் அடியாருக்கு உவமையாக்கினார். ஒரு மரபில் பேதையாகவும் மற்றொரு மரபில் மெய்யன்பராகவும் நின்ற இவ்வுயிரை எண்ணியும், பெயரிட்டும், நாள் குறித்தும் ஏட்டில் பதிந்தவர்கள் மூன்றாவதொரு மரபினர். அவர்களுடைய பணி எத்தகையது என்பதையும், திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதியில் சுங்குவார்சத்திரத்தைச் சூழ்ந்து வாழும் நமக்கு அப்பணியால் விளையும் பயன் யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

முதற்கண் பெயரைத் தெளிவு செய்துகொள்வது நலம். ‘விட்டில்’ என்னும் சொல் விளக்கில் விழும் பூச்சியையும் குறிக்கும், வெட்டுக்கிளியையும் குறிக்கும். ‘அந்து’ என்பது சேமித்து வைத்த நெல்லில் தோன்றும் சிறு பூச்சிக்கு வழங்கிய பெயர். அதனை விரித்து, இரவில் பறக்கும் இவ்வினம் முழுவதையும் ‘அந்துப்பூச்சி’ என்று இன்றைய நூல்கள் வழங்குகின்றன. பட்டாம்பூச்சியும் அந்துப்பூச்சியும் செதில் படர்ந்த சிறகுகளையுடைய ஒரே வரிசையைச் சேர்ந்தவை. எனினும் அவ்வரிசையில் மிகப்பெரும்பாலானவை அந்துப்பூச்சிகளே. இந்தியாவில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் அறியப்பட்டுள்ளன. காஞ்சிப் பட்டுக்கு இழை தந்த பட்டுப்பூச்சியும் இக்குடும்பத்ததே என்பதை நம் மாவட்டத்தார் மறத்தல் இயலாது.

விளக்கை நாடுவது ஏன்?

விட்டில் விளக்கின்மீது காதல் கொண்டு வருவதில்லை. 2024ஆம் ஆண்டு ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வொன்று இதனை விளக்குகின்றது. ஆய்வாளர்கள் அதிவேக ஒளிப்படக் கருவிகளைக் கொண்டு, விளக்கைச் சுற்றும் பூச்சிகளின் பறப்பைப் படம்பிடித்தனர். பறக்கும் பூச்சி தன் முதுகை எப்போதும் வெளிச்சமான பக்கத்தை நோக்கித் திருப்பிக்கொள்கின்றது. இயற்கையில் இரவிலும் வானமே நிலத்தைவிட ஒளி மிக்கது. ஆதலின் முதுகை ஒளிக்குக் காட்டும் பூச்சி மேல் எது, கீழ் எது என்று தடுமாறாமல் பறக்கும். அருகில் ஒரு விளக்கு எரிந்தாலோ, அதனையே வானமெனக் கொண்டு உடலைச் சாய்க்கின்றது; சாய்ந்தபடியே வட்டமிட்டு, அவ்விடத்தைவிட்டு நீங்க இயலாமல் சிக்கிக்கொள்கின்றது.

இவ்வாய்வில் விலக்கும் ஒன்று உண்டு. அரளி, நந்தியாவட்டை ஆகியவற்றின் இலைகளைத் தின்று வளரும் பச்சை நிறப் பருந்து அந்துப்பூச்சி, விளக்கின் மேலே பறந்தபோதும் அவ்வாறு சாயவில்லை. நம் வீட்டுத் தோட்டங்களிலும் வாழும் இனம் அது. எனவே விளக்கிற்கு வருபவை மட்டுமே ஊரில் உள்ளவை என்று முடிவு கட்டுதல் கூடாது. விளக்குப்பொறியின் கணக்கைப் படிப்பார்க்கு இதுவே முதற்பாடம்.

பொறியும் பதிவும்

விளக்குப்பொறியின் அமைப்பு மிக எளியது. ஒரு விளக்கு, அதன் கீழ் ஒரு புனல், புனலின் கீழ் ஒரு பெட்டி, அவ்வளவே. பெட்டிக்குள் முட்டை அடுக்கும் அட்டைகளை வைத்தால், விழுந்த பூச்சிகள் அவற்றின் மடிப்புகளில் ஒடுங்கி இளைப்பாறும். விடிந்ததும் ஒவ்வோர் அட்டையாக எடுத்து, இனம் பார்த்து, எண்ணி, படமெடுத்து, பறவைகளின் கண்ணிற்படாத புதர்நிழலில் விட்டுவிடலாம். 1950ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ராபின்சன் என்னும் பெயருடைய இருவர் பாதரச ஆவி விளக்கைக் கொண்டு உருவாக்கிய பொறி இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகின்றது. பொறி இல்லாதவர் ஒரு வெண்துணியைக் கட்டி, அதன்முன் விளக்கேற்றியும் இப்பணியைச் செய்யலாம்.

பிடிப்பது எளிது, பதிவதே அரிது. நாள், இடம், விளக்கேற்றிய நேரம், அணைத்த நேரம், விளக்கின் வகையும் வாட் அளவும், மழை, காற்று, வெப்பம், நிலவின் நிலை ஆகியவற்றை முதலில் எழுதுதல் வேண்டும். முழுநிலா நாள்களில் பொறியில் விழும் பூச்சிகள் குறைவு; அதனைக் குறிக்காத ஏடு, வளர்பிறையில் பூச்சிகள் அருகிவிட்டன என்று பொய்க்கணக்குக் காட்டும். பெயர் தெரியாத பூச்சியை ஊகத்தால் பெயரிடாமல் ‘அறியாதது 1’, ‘அறியாதது 2’ என எழுதிப் படத்தோடு வைப்பதே முறை. ஒன்றும் வராத இரவிலும் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதல் வேண்டும். எழுதாமல் விட்ட நாளை, பூச்சி வராத நாள் எனவும் கொள்ளலாம். நாம் உறங்கிவிட்ட நாள் எனவும் கொள்ளலாம். பின்வருவோர்க்கு இவ்வையம் நேராமல் காப்பது அந்த ஒரு சொல்லேயாகும்.

தீவின் கணக்கு

இத்தகைய பதிவுகளுக்குச் சிறு தீவுகள் பெரிதும் ஏற்றவை. தீவுக்கு எல்லை உண்டு. அங்கு வளரும் செடிகள் சில. ஆதலின் அங்கேயே பிறந்து வளரும் பூச்சி எது, கடல் கடந்து காற்றில் வந்த விருந்து எது என்று பிரித்தறிதல் எளிது. வேல்ஸ் நாட்டுக் கரைக்கு அப்பாலுள்ள பார்ட்சி, ஸ்கோகோம் ஆகிய சிறு தீவுகளில் பறவைகளை நோக்குவதற்கென நிலையங்கள் உள்ளன. பகலில் பறவைகளை எண்ணுவோர் இரவில் விளக்குப்பொறி வைத்து அந்துப்பூச்சிகளையும் எண்ணுகின்றனர்.

தீவுகளின் பூச்சிகளை ஆராய்ந்த ஒருவர் பின்னர்த் தமிழகத்திற்கே பணியாற்ற வந்தார் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. அவர் தாமஸ் பெயின்பிரிக் ஃபிளெச்சர். பிரிட்டிஷ் கடற்படையில் கணக்கு அலுவலராக இருந்த அவர், 1905ஆம் ஆண்டில் ‘சீலார்க்’ என்னும் கப்பலில் இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்குச் சென்ற அறிவியல் பயணத்தில் பங்கு கொண்டார். அத்தீவுகளின் அந்துப்பூச்சிகள், பட்டாம்பூச்சிகள் பற்றியும், அவை தீவுவிட்டுத் தீவு பரவும் வகை பற்றியும் அவர் எழுதிய கட்டுரை 1910இல் வெளிவந்தது. பின்னர் அவர் கோயம்புத்தூரில் சென்னை மாகாணப் பூச்சியியல் அறிஞராகப் பணியேற்றார். 1914இல் வெளியான அவருடைய ‘தென்னிந்தியப் பூச்சிகள் சில’ என்னும் பொருளுடைய ஆங்கில நூல், நம் வயல்களின் பூச்சிகளை முறைப்படி விளக்கிய தொடக்க நூல்களுள் ஒன்று. அவருக்கும் முன்னர், நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஜார்ஜ் ஹேம்ப்சன் அம்மலையின் அந்துப்பூச்சிகளைத் திரட்டினார். 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார்.

பதிவேட்டின் ஆற்றலை உலகிற்குக் காட்டியது இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையம். அங்கு வில்லியம்ஸ் என்னும் அறிஞர் 1933 முதல் நான்கு ஆண்டுகள் ஒரே விளக்குப்பொறியில் விழுந்தவற்றை எண்ணினார். 15,609 பூச்சிகள், 240 இனங்கள். சில இனங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. பல இனங்களில் ஒன்றோ இரண்டோ மட்டுமே வந்தன. இந்த எண்களையும், மலாயாவில் கார்பெட் திரட்டிய பட்டாம்பூச்சி எண்களையும் கொண்டு, புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் உயிரினப் பன்மையை அளக்கும் வாய்பாடு ஒன்றை 1943இல் வகுத்தார். இன்றும் சூழலியலார் அதனைப் பயன்படுத்துகின்றனர். ஒரு வயலின் ஓரத்தில் எரிந்த விளக்கொன்று உலகப் பொதுவான அறிவுக்கு வழி திறந்தது எனலாம்.

உழவர் ஏற்றிய விளக்கு

நம் நாட்டிலும் விளக்குப்பொறி புதியதன்று. வடதமிழகத்து மானாவாரி நிலக்கடலைக்குப் பெருந்தீங்கு செய்யும் சிவப்புக் கம்பளிப்புழு, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகப் பல திங்கள் உறங்கும். நன்மழை பெய்து மண் நனைந்ததும் அந்துப்பூச்சிகள் திரளாக வெளிப்படும். அம்முன்னிரவுகளில் வயலோரம் தீ மூட்டியும், விளக்குப்பொறி வைத்தும் அவற்றைக் கவர்ந்து அழித்தல் வேளாண் துறையினர் நெடுங்காலமாகக் கூறிவரும் வழி. நெல்வயலிலோ, விளக்குப்பொறி எச்சரிக்கை மணியாகின்றது. முன்சிறகில் ஒவ்வொரு கரும்புள்ளி உடைய மஞ்சள் நிறப் பெண்பூச்சிகள் பொறியில் பெருகினால், தண்டுத்துளைப்பான் முட்டையிடும் காலம் வந்தது என அறியலாம். நடுக்குருத்துக் காய்வதற்கும் வெண்கதிர் தோன்றுவதற்கும் முன்னரே உழவர் விழித்துக்கொள்ளலாம்.

இங்கே மொழி மாணவர்கள் எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. தண்டுத்துளைப்பான், இலைச்சுருட்டுப்புழு, ஆமணக்குக் காவடிப்புழு, முருங்கைக் கம்பளிப்புழு ஆகிய பெயர்கள் யாவும் புழுப் பருவத்தையே சுட்டுகின்றன. பயிரைத் தின்பது புழு. ஆதலால் உழவர் புழுவுக்குப் பெயரிட்டனர். சிறகு முளைத்தபின் அவை அனைத்தும் வெறும் ‘விட்டில்’ ஆகிவிட்டன. தீங்கு செய்யாத ஆயிரக்கணக்கான இனங்களுக்கோ தமிழில் பெயரே அமையவில்லை. பெயரற்றது ஏட்டில் ஏறாது. ஏட்டில் ஏறாதது மறைந்தாலும் எவரும் அறியார்.

ஆலை வெளிச்சமும் அந்துப்பூச்சியும்

தொழில் வளரும் நிலத்தில் இப்பதிவு எத்துணை இன்றியமையாதது என்பதை மான்செஸ்டர் நகரம் காட்டும். வெண்மையில் கரும்புள்ளிகள் தூவிய சிறகுடைய அந்துப்பூச்சி ஒன்றில், முற்றிலும் கரிய வடிவம் 1848இல் அந்நகரில் பதிவாயிற்று. ஆலைப்புகை மரங்களைக் கருக்கியது. கரிய மரத்தில் வெண்பூச்சியைப் பறவைகள் எளிதிற் கண்டு உண்டன. 1895ஆம் ஆண்டளவில் அந்நகரத்தில் அவ்வினத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கரியனவாயின. 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டுப் புகை குறைந்தபின் வெண்ணிறம் மீண்டும் பெருகிற்று. உயிரினம் மாறும் வகைக்கு உலகப் பாடநூல்கள் காட்டும் இச்சான்று, பூச்சியோடு நாளையும் ஊரையும் குறித்துவைத்த எளிய மனிதர்களால் கிடைத்தது.

இனி நம் பகுதிக்கு வருவோம். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்திற்கும் இடையே உள்ள சுங்குவார்சத்திரம், ஏரிப்பாசன நெல்வயல்கள் சூழ்ந்த ஊராக விளங்கியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை திறக்கப்பட்டு 2014இல் மூடப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை எழுந்தது. வேறு பல ஆலைகளும் பெருகின. பல்லாயிரம் குடும்பங்கள் இவற்றால் வாழ்வு பெற்றன. அதனை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆயினும் இரவு முழுவதும் எரியும் உயர்கம்ப விளக்குகள் இப்பகுதியின் இருளை மாற்றிவிட்டன. மதில் விளக்கருகே சுழலும் பூச்சி, தேனுண்ண வேண்டிய பூவையும் துணையையும் முட்டையிட வேண்டிய செடியையும் அன்றிரவு இழக்கின்றது. பல்லிக்கும் வௌவாலுக்கும் எளிதில் இரையாகின்றது. குஞ்சுகளுக்குப் புழு தேடும் பறவைகளையும், இரவில் மலரும் பூக்களையும் இவ்விழப்பு தொடும்.

இத்தகைய இடத்தில் பொறி வைப்போர்க்கு எச்சரிக்கை ஒன்று தேவை. சுற்றிலும் ஒளி மிகுந்தால் பொறியின் விளக்கு எடுபடாது. பூச்சிகள் இருந்தும் பெட்டியில் விழா. எண்ணிக்கை குறைவதால் மட்டும் இனம் குறைந்தது எனக் கூறுதல் பிழை. ஆதலின் அருகிலுள்ள விளக்குகள் எத்தனை, மஞ்சள் ஒளியா, நீலம் கலந்த வெள்ளொளியா, எவ்வளவு தொலைவு என்பனவும் ஏட்டில் இடம்பெற வேண்டும். புற ஊதாக் கதிரும் நீல ஒளியும் மிகுந்த விளக்குகளே பூச்சிகளைப் பெரிதும் ஈர்ப்பவை. எனவே வெளிவிளக்குகளைக் கீழ்நோக்கி மறைத்தும், மஞ்சள் ஒளிக்கு மாற்றியும், வேண்டாத நேரத்தில் அணைத்தும் இத்தீங்கைக் குறைக்கலாம். ஆலை நிற்கவேண்டுவதில்லை, விளக்கு திரும்பினாற் போதும்.

ஒளிக்கடலின் நடுவே எஞ்சிய ஏரிக்கரையும், கருவேலந்தோப்பும், அடக்கத்தலத்து மரநிழலும், கல்லூரி வளாகத்தின் இருண்ட மூலையும் இன்று தீவுகளாகிவிட்டன. தீவில் செய்யும் கணக்கை இங்கும் செய்யலாம். ஒரே இடம், ஒரே விளக்கு, திங்களுக்கு இரண்டு இரவுகள், நிலவில்லா நாள்கள்: இவ்வளவே தொடக்கத்திற்குப் போதும்.

முடிவுரை

இப்பணியில் விலங்கியல் துறைக்கு எண்ணும் கடமை. தமிழ்த் துறைக்குப் பெயர் திரட்டும் கடமை. நம் மாணவர்கள் தத்தம் ஊர்ப் பெரியவர்களை அணுகி, எந்தப் புழு எந்தச் செடியில் எந்த மாதத்தில் வந்தது, அதனை எப்பெயரால் அழைத்தனர், எந்த மழைக்குப்பின் விளக்கடியில் விட்டில் குவிந்தது என்று கேட்டு எழுதல் வேண்டும். நிலம் கைமாறியபின் உழவுச் சொற்கள் ஒரு தலைமுறைக்குள் மறைந்துபோகும். அவற்றை அறிந்த முதியோர் இன்றும் நம் இல்லங்களில் இருக்கின்றனர். எண்ணிக்கை ஏடும் பெயர் ஏடும் ஒன்றையொன்று நிறைவு செய்வன.

ஆலைகள் வருமுன் இங்கு எவை பறந்தன என்பதை இனி எந்தப் பொறியாலும் எண்ண இயலாது. எனினும் இவ்வாண்டு தொடங்கும் ஏடு, 2050இல் இதே வளாகத்தில் பயிலும் மாணவர்க்குப் பழைய ஏடாக அமையும். ‘அன்று இத்தனை இருந்தன’ என்று அவர்கள் சொல்வதற்கு வேண்டிய முதல் வரியை எழுதும் பொறுப்பு நம்முடையது. இதனை மாணவர்கள் மேற்கொள்வார்களாக. ஆசிரியர்களும் ஊர்ப் பெரியோர்களும் துணை நிற்பார்களாக.