டயர் சொல்லும் அளவு

லெகோவில் பழைய பந்தயக் கார் கட்ட உட்காருகிறவர்களில் பலர் மூக்கிலிருந்து தொடங்குவார்கள். அழகெல்லாம் அங்கேதானே இருக்கிறது! நான் டயரைத்தான் முதலில் எடுத்து மேசையில் வைப்பேன். காரின் உடம்பை எந்த அளவிலும் கட்டிக்கொள்ளலாம். டயரைக் கட்ட முடியாது. கம்பெனி வார்த்துக் கொடுத்த அளவுகளில் ஒன்றை எடுத்துத்தான் ஆகவேண்டும். கார் எவ்வளவு பெரிசாக வரும் என்பது அந்த நிமிடமே முடிவாகிவிடுகிறது.

லெகோ டயர்கள் பலவற்றின் பக்கவாட்டில் 43.2 × 22, 62.4 × 20 என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது அகலம், இரண்டும் மில்லிமீட்டர். இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1924-ல் லியோன் கிராண்ட் பிரீயில் முதன்முதலாக ஓடிய புகாட்டி டைப் 35-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,400 மி.மீ. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே 1,200. டயர் 710 × 90. நம் கையில் இருப்பது 43.2 டயர் என்றால், அசலில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு. அச்சுகளின் இடைவெளி 146 மி.மீ. ஆகிறது. லெகோ கட்டையின் மேலுள்ள குமிழ்தான் ஸ்டட். ஒரு ஸ்டட்டின் நடுவிலிருந்து அடுத்த ஸ்டட்டின் நடுவுக்கு 8 மி.மீ. என்பதால், 18 ஸ்டட். குறுக்கே 73 மி.மீ., அதாவது 9 ஸ்டட். அளந்து வைத்த மாதிரி வருகிறது. ஆனால் டயரின் அகலம்? அசலின் 90 மி.மீ. இந்த அளவில் ஐந்தரை மில்லிமீட்டராக வேண்டும். கையில் இருப்பதோ 22, நாலு மடங்கு. பானட்டை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் புகாட்டிக்கு டிராக்டர் சக்கரம் மாட்டிய மாதிரிதான் இருக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார் என்றால் மெல்லிய டயரைத் தேடிப் பிடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. லெகோவின் டெக்னிக் வரிசையில் கப்பிச் சக்கரத்துக்கு மாட்டும் ஒல்லியான ரப்பர் டயர் ஒன்று உண்டு. அதை எடுத்தால் கார் நன்றாகச் சிறுத்துவிடும், பானட்டில் பாதி விவரம் போய்விடும். இருந்தாலும் அதுதான் புகாட்டி என்று பார்த்தவுடன் சொல்ல வைக்கும்.

காரின் அளவுகள் எங்கும் கிடைக்கவில்லை என்றால், நேர் பக்கத்திலிருந்து எடுத்த ஒரு படம் போதும். அச்சு இடைவெளியை டயர் விட்டத்தால் வகுத்துவிடுங்கள். வரும் எண்ணை லெகோ டயரின் விட்டத்தால் பெருக்கினால் மாதிரியின் அச்சு இடைவெளி கிடைத்துவிடும். சாய்வாக எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இதற்கு உதவாது.

அடுத்த கேள்வி, உடம்பின் அகலம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா? இதை முதலிலேயே தீர்த்துக்கொள்ளாதவர்கள் பாதிக் காரைப் பிரிக்க வேண்டிவரும். புகாட்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் மெக்கானிக்குக்கும் இடம் உண்டு. 1925-ல் பந்தயத்தில் மெக்கானிக் கூட வரக் கூடாது என்று தடை வந்த பிறகும் இரண்டு பேர் அகலம் அப்படியே இருந்தது. அதனால் இரட்டைப்படை இயல்பாகப் பொருந்தும். அறுபதுகளின் பந்தயக் காரான லோட்டஸ் 49 அப்படியில்லை. ஒரே ஆள், நட்டநடுவில். அடர்பச்சை உடம்பு, மூக்கிலிருந்து நடுமுதுகில் ஓடும் மஞ்சள் பட்டை. அகலம் 6 ஸ்டட் என்று வைத்தால் பட்டை 2 ஸ்டட் ஆகிவிடும். உடம்பில் மூன்றில் ஒரு பங்கு மஞ்சள்! 5 என்று வைத்தால் நடுவில் ஒரு ஸ்டட் மஞ்சள், இருபுறமும் இரண்டிரண்டு பச்சை. கூம்பி வரும் வெட்ஜ் துண்டுகள் பலவும் 2 ஸ்டட் அகலத்தில், இடம் வலம் என்று ஜோடியாகக் கிடைக்கின்றன. மூக்கு ஒடுங்கும்போது பச்சை மட்டும் குறையும், மஞ்சள் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். எங்காவது ஒற்றைப்படையிலிருந்து இரட்டைப்படைக்கு மாறித்தான் ஆக வேண்டும் என்றால் ஜம்பர் பிளேட் இருக்கிறது. நடுவில் ஒரே ஸ்டட் வைத்த அந்த 1×2 துண்டு, மேலே வருவதை அரை ஸ்டட், அதாவது 4 மி.மீ., நகர்த்திக் கொடுக்கும்.

வளைவுகளுக்கு வருவோம். பழைய பந்தயக் காரில் நேர்கோடே கிடையாது என்று சொல்லலாம். நம்மிடம் இருப்பதோ செங்கோணம். இங்கே கைகொடுப்பது கட்டையைப் பக்கவாட்டில் திருப்பி அடுக்கும் முறை. பிளேட் என்ற தட்டைத் துண்டின் கனம் 3.2 மி.மீ. ஐந்து பிளேட்டை அடுக்கினால் 16 மி.மீ., சரியாக இரண்டு ஸ்டட். இந்த ஒரு சமன்பாடு மனப்பாடமாக இருந்தால் எந்தத் திசையில் திருப்பிய பகுதியும் இடுக்கில்லாமல் உட்கார்ந்துவிடும். எல் வடிவப் பிராக்கெட்டின் மடிந்த பக்கம் அரை பிளேட் கனம்தான் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிராக்கெட் வைத்த இடத்தில் 1.6 மி.மீ. கூடும், எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று வைத்தால் இரண்டும் சேர்ந்து ஒரு முழு பிளேட்.

புகாட்டியின் வால் படகு முனை போலப் பின்னால் கூர்ந்து முடியும். அதை வெட்ஜ் பிளேட்டால் படிப்படியாகக் குறைக்கலாம். தூரத்திலிருந்து பார்க்க நன்றாக இருக்கும், கிட்டே வந்தால் படிக்கட்டு தெரியும். இரண்டு பக்கத்தையும் தனித்தனிப் பலகைகளாகக் கட்டி, இருக்கைக்குப் பின்னால் கீல் வைத்து மடித்து, வால் நுனியில் சேர்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. மேல்மூடிக்கும் பலகைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். விழட்டும். அதை அடைக்கப் போய்ப் பருத்துப்போன வால்களை நிறையப் பார்த்தாயிற்று.

எல்லா ஸ்டட்டையும் வழவழப்பான டைல் போட்டு மூடிவிட வேண்டும் என்ற பிடிவாதமும் எனக்கு இல்லை. பானட்டின் காற்றுத் துளைகளுக்கு கிரில் டைல், அதை இறுக்கும் தோல் பட்டைக்குப் பழுப்பு டைல், எண் எழுத வட்ட வெள்ளை டைல் போதும். மறைவான இடங்களில் ஸ்டட் தெரிந்தால் குடி முழுகாது. இது லெகோ கார்தானே!

சக்கரத்தைத் தாங்குவதற்கு ஒரே விதிதான்: பார்வைக்கு வேறு, பாரத்துக்கு வேறு. அறுபதுகளின் கார்களில் சஸ்பென்ஷன் கம்பிகள் வெளியே தெரியும். 3.2 மி.மீ. கம்பிகளையும் கிளிப்புகளையும் வைத்து அதை அச்சு அசலாகக் காட்டலாம். ஆனால் அந்தக் கிளிப்பையே சுமக்க விட்டால் கொஞ்ச நாளில் சக்கரங்கள் கால் அகட்டி நிற்கும். உள்ளே ஒரு டெக்னிக் அச்சு பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், வெளியே தெரியும் கம்பிகள் வெறும் அலங்காரம்.

லோட்டஸ் 49-ல் இது இன்னும் சுவாரசியம். அந்தக் காரில் ஓட்டுநருக்குப் பின்னால் சட்டமே கிடையாது. லோட்டஸின் காலின் சாப்மனும் எஞ்சினை வடிவமைத்த கீத் டக்வொர்த்தும் எஞ்சினையே சட்டமாக்கினார்கள். காஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சினின் முன்பக்கம் உடம்போடு போல்ட் போட்டு இணைந்திருக்கும். பின் சஸ்பென்ஷனின் பாரம் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும். 1967-ல் நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில் முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க் அந்தக் காரை ஓட்டி ஜெயித்தார். மாதிரியிலும் அதே சிக்கல்தான்: காரின் முன்பாதியும் பின்பாதியும் சந்திப்பது எஞ்சினில் மட்டும். அதனால் எஞ்சினுக்குள் நீளவாக்கில் இரண்டு டெக்னிக் அச்சுகளை ஓடவிட்டு, அவற்றைச் சுற்றி மற்றதைக் கட்டுவேன். இது 90 டிகிரி வி8. ஒவ்வொரு பக்கமும் 45 டிகிரி சாய வேண்டும். கிளிக் கீல் 22.5 டிகிரிக்கு ஒரு தரம் பிடிக்கும், இரண்டாவது கிளிக்கில் 45. நடுப்பள்ளத்தில் எட்டுக் காற்றுக் குழல்கள். லெகோ பொம்மை கையில் பிடிக்கும் சின்னக் கோப்பை அதற்கு அப்படியே பொருந்தும். புகைக்குழாய்கள் வெளிப்பக்கம், பக்கத்துக்கு நான்கு. அதே ஆண்டின் ஃபெராரி 312-ல் புகைக்குழாய்கள் நடுப்பள்ளத்திலிருந்து கிளம்பிப் பின்னிக்கொண்டு போகும். வளையும் குழாய்த் துண்டுகள் நிறைய வைத்திருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது.

நிறத்தைக் கடைசியில் முடிவு செய்யக் கூடாது. அந்தக் காலத்தில் காருக்கு நாட்டின் நிறம்: பிரான்ஸ் நீலம், இத்தாலி சிவப்பு, பிரிட்டன் பச்சை. வெளிர் நீலத்திலும் அடர்பச்சையிலும் எல்லா வளைவுத் துண்டும் வருவதில்லை. லெகோ துண்டுகள் விற்கும் பிரிக்லிங்க் இணையதளப் பட்டியலில் நிறத்தை வைத்துத் தேடி, என்ன துண்டு இருக்கிறது என்று பார்த்துவிட்டு வடிவத்தை வரையுங்கள். அடர்சிவப்பிலும் பழுப்பிலும் பழைய துண்டு வாங்கினால் கவனம். கிளிப்புள்ள துண்டுகள் மாட்டும்போதே பட்டென்று உடையும். வெளிநாட்டுக் கடையில் வாங்கினால் தபால் செலவு துண்டின் விலையைத் தாண்டிவிடும் என்பதால், சின்னத் துண்டுகளில் ஒன்றிரண்டு கூடவே போடச் சொல்லலாம்.

கணினியில், பிரிக்லிங்க்கின் ஸ்டுடியோ மென்பொருளில் கட்டிப் பார்ப்பது கணக்குக்கு நல்லது. ஆனால் கீல் தளருமா, கம்பி தாங்குமா என்பதை விரலால்தான் தெரிந்துகொள்ள முடியும். அந்த இரண்டு இடங்களையும் கையில் இருக்கும் எந்த நிறத்திலாவது முதலில் கட்டிப் பாருங்கள்.

ஓட்டுநரை உட்கார வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். லெகோ பொம்மையின் உடல் விகிதம் எந்த அளவுக்கும் சேராது. கம்பெனியே 2024-ல் விட்ட மெக்லாரன் எம்பி4/4 செட்டில் அதன் ஓட்டுநர் அயர்டன் சென்னா காருக்கு வெளியே, தனி மேடையில் நிற்கிறார்.

முதல் காருக்கு நான் லோட்டஸ் 49-ஐத்தான் சொல்வேன், புகாட்டியை அல்ல. தடித்த டயர், திறந்த எஞ்சின், சுருட்டு மாதிரி உடம்பு என்று லெகோவில் எளிதாக வருவதெல்லாம் அதில் இருக்கிறது. அடர்பச்சையில் ஒரு துண்டு கிடைக்காமல் இழுத்தடித்தால் 1968-க்குப் போய்விடுங்கள். அந்த வருடம் கோல்ட் லீஃப் சிகரெட் விளம்பரத்துக்காக லோட்டஸ் சிவப்பு, வெள்ளை, பொன் நிறத்துக்கு மாறியது. லோட்டஸ் ஓட்டுநர் கிரஹாம் ஹில் ஸ்பெயினில் ஜெயித்தது அந்த நிறத்தில்தான். சிவப்பும் வெள்ளையும் எந்த டப்பாவைக் கவிழ்த்தாலும் கிடைக்கும்.