கைக்கெட்டிய கணிப்பொறி

மனிதன் தன் வேலையை எளிதாக்கிக் கொள்ளவே கருவிகளைப் படைத்தான். ஆயினும், சில கருவிகள் தம்மை இயக்குவோரைத் தொடக்கத்தில் பெரிதும் வருத்தின. கணிப்பொறியும் அத்தகையதே. அதன் ஆற்றல் பெரிது. அதனோடு பழகுதலோ அரிது. அவ்வருமையை நீக்க அறிஞர் சிலர் முயன்ற வரலாற்றை இங்குக் காண்போம்.

1960-களில் கணிப்பொறிக்கு வேலை இடுவோர், துளையிட்ட அட்டைகளின் வாயிலாகவோ விசைப்பலகையின் வாயிலாகவோ ஆணைகளை இட்டனர். ஒவ்வொரு செயலுக்கும் ஒவ்வோர் ஆணைச்சொல் உண்டு. அவற்றை நெட்டுருச் செய்து, பிழையின்றிப் பொறித்தல் வேண்டும். ஓர் எழுத்துப் பிறழினும் பொறி பணி செய்ய மறுக்கும். அன்றேல் வேறொன்றைச் செய்துவிடும். ஆதலின், அதற்கெனப் பயின்றோரே அதனை அணுகினர்.

இந்நிலையை மாற்ற முனைந்தவருள் முதன்மையானவர் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்னும் அமெரிக்கப் பொறியியலறிஞர். திரையில் தோன்றுவனவற்றைக் கையால் சுட்டிக் காட்ட ஒரு கருவி வேண்டும் என அவர் கருதினார். 1964-ஆம் ஆண்டளவில் அவரும் அவர்தம் துணைவரும் சிறு மரப்பெட்டி ஒன்றின் அடியில் இரு சக்கரங்களைப் பொருத்தினர். பெட்டியை மேசைமீது நகர்த்தினால், திரையில் உள்ள குறியும் உடன் நகரும். வால்போல் நீண்ட கம்பியை உடைய அப்பெட்டிக்குச் ‘சுண்டெலி’ எனப் பொருள்படும் ‘மௌஸ்’ என்னும் பெயர் அமைந்தது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ நகரில் அறிஞர் பேரவையின் முன் அவர் அதனை இயக்கிக் காட்டினார்.

இம்முயற்சி கலிபோர்னியாவில் உள்ள செராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் மேலும் வளர்ந்தது. அங்கே 1973-ஆம் ஆண்டில் ‘ஆல்டோ’ என்னும் கணிப்பொறி உருவாயிற்று. அதன் திரையில் எழுத்துகளோடு படங்களும் தோன்றின. சுண்டெலியும் அதனோடு இணைந்திருந்தது. இனி எல்லாம் எளிதாயிற்று என்று எண்ணத் தோன்றும். ஆனால் அப்பொறியில் எழுதுவதற்கென அமைந்த ‘பிராவோ’ என்னும் நிரலில் ஒரு பெருங்குறை இருந்தது.

அந்நிரல் ஒரு வேளை விசைகளை எழுத்துகளாகக் கொள்ளும். மற்றொரு வேளை ஆணைகளாகக் கொள்ளும். அது ஆணைகளை எதிர்நோக்கி நிற்பதை மறந்து, ஒருவர் ‘எடிட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பொறித்தார் எனக் கொள்வோம். முதலெழுத்து, எழுதியவை அனைத்தையும் தேர்ந்தெடுக்கும்; இரண்டாம் எழுத்து அவற்றை அழிக்கும்; மூன்றாம் எழுத்து, புதியதைச் சேர்க்க இடம் தரும்; நான்காம் எழுத்து மட்டும் திரையில் எஞ்சும். நெடுநேர உழைப்பு நான்கே எழுத்துகளில் மறைந்துவிடும்!

இக்குறையைக் களைய விழைந்தார் லாரி டெஸ்லர் என்பவர். அவர் ஒரு நன்முறையைக் கையாண்டார். கணிப்பொறியை அறியாத செயலாளர் ஒருவரை வெற்றுத் திரையின் முன் அமரச் செய்து, திருத்தங்கள் குறித்த தாள் ஒன்றை அவரிடம் தந்து, “இவற்றை இத்திரையில் எவ்வாறு செய்வீர்?” என வினவினார். அவர் இயல்பாகக் கூறிய வழிகளையே தம் ஆய்வுக்கு அடிப்படையாகக் கொண்டார். பின்னர், டிம் மாட் என்பவருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘ஜிப்ஸி’ என்னும் நிரலில், விசையை அழுத்தினால் எழுத்தே தோன்றிற்று. வேண்டிய பகுதியைச் சுட்டி, வெட்டி, வேறிடத்தில் ஒட்டும் முறையும் அதில் அமைந்தது.

1981-ஆம் ஆண்டு செராக்ஸ் நிறுவனம் ‘ஸ்டார்’ என்னும் பொறியை வெளியிட்டது. அதன் திரை அலுவலக மேசையைப் போன்றது; தாள்களும் கோப்புறைகளும் சிறு படங்களாக அதன்மீது விளங்கின. ஆயின், அதன் விலை 16,000 டாலருக்கும் மிகுதி. 1984-ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் ‘மெக்கின்டோஷ்’ பொறியை 2,495 டாலருக்கு வெளியிட்டது. அதன் சிறு படங்களைச் சூசன் கேர் என்னும் ஓவியர் கட்டமிட்ட தாளில் வரைந்து அமைத்தார். வேண்டாத கோப்பினைக் குப்பைத் தொட்டியின் படத்தில் இடலாம். தொட்டியை வெறுமையாக்கும் முன் மீண்டும் எடுத்தும் கொள்ளலாம்.

இம்முறை எளிதானதற்குக் காரணம் யாது? பெயர் நினைவுக்கு வாராத ஒருவரையும் முகத்தைக் கண்டவுடன் அறிந்துகொள்கிறோம் அன்றோ? அதுபோல, ஆணைச்சொற்களை நினைவில் தேடுவதினும் கண்முன் உள்ளவற்றுள் ஒன்றைத் தேர்தல் எளிது. பிழை நேரினும் திருத்தலாம் என்னும் உறுதி, புதியவரின் அச்சத்தையும் போக்கிற்று.

ஆயினும், இவ்வெளிமை எல்லார்க்கும் ஒருங்கே வாய்த்திலது. எழுத்துகளைக் குரலாக மாற்றும் கருவிகளின் துணையால் கணிப்பொறியை இயக்கி வந்த பார்வையற்றோர்க்குப் படத்திரை புதியதொரு தடையாயிற்று. 1989-ஆம் ஆண்டு ‘அவுட்ஸ்போக்கன்’ என்னும் நிரல் மெக்கின்டோஷின் படத்திரையையும் குரலால் உணர்த்தத் தொடங்கிய பின்னரே அத்தடை தளர்ந்தது.

கருவியைக் கையாள்வதில் ஒருவர் இடர்ப்படுவாராயின், அவரைப் பேதையர் எனல் தகாது. அக்கருவி இன்னும் செப்பம் பெறவில்லை என்றே கொள்ளல் வேண்டும். டெஸ்லர் செய்ததுபோல, பயன்படுத்துவோரை அணுகி வினவுதலே அச்செப்பத்திற்கு முதற்படியாகும்.