தோட்டாக் கூடு கற்பிக்கும் பாடம்

விடுதியில் என் மேசைமீது, எழுதுகோல்களுக்கு நடுவே, ஒரு விரல் நீளமுள்ள பித்தளைக் குழல் ஒன்று கிடக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது அந்தமானில். பள்ளி விடுமுறை நாளொன்றில் கார்பின்ஸ் கோவ் கடற்கரையில், ஜப்பானியர் கட்டிய பதுங்கு அறைக்கு அருகே, மணலிலிருந்து அதைப் பொறுக்கினேன். சென்ற மாதம் என் அறைக்கு வந்த இயற்பியல் மாணவர் ஒருவர் அதை உருட்டிப் பார்த்துவிட்டு, "இதில் மறுபடி மருந்து போட்டுச் சுடலாமா? அமெரிக்காவில் பலர் பழைய இராணுவத் துப்பாக்கிகளை வாங்கி, தோட்டாவையும் வீட்டிலேயே நிரப்பிக் கொள்கிறார்களாமே!" என்று கேட்டார். அன்று நான் அரைகுறையாகச் சொன்ன விடையை இங்கே முறையாகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில், தோட்டா என்பது யாது? அதற்கு உறுப்புகள் நான்கு: கூடு, கேப்பு, மருந்து, குண்டு. துப்பாக்கியின் ஊசி கேப்பைத் தட்டுகிறது. தீபாவளியன்று சிறுவர் சுடும் பொட்டுக் கேப்பைப் போலவே அதுவும் அடிபட்டதும் தீப்பொறி கக்குகிறது. பொறி சிறு துளை வழியே உள்ளே சென்று மருந்தைக் கொளுத்துகிறது. மருந்து எரிந்து வாயுவாகி, குண்டை முன்னே தள்ளுகிறது. குழலின் உட்புறத்தில் சுருளாக வெட்டிய வரிகள் குண்டைச் சுழற்றுகின்றன. சுழலும் பம்பரம் சாயாதது போலச் சுழலும் குண்டும் நிலை குலையாமல் பறக்கிறது.

கூடு எப்போதும் பித்தளையாக இருந்ததில்லை. 1853-ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு துப்பாக்கிக்குக் காகிதத் தோட்டாவே வழங்கப்பட்டது. சிப்பாய் அதைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழல் வாயில் கொட்டி, குண்டைக் கோலால் இடிக்க வேண்டும். காகிதத்தில் தடவிய கொழுப்பு பசுவினுடையது, பன்றியினுடையது என்ற பேச்சு 1857-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பரவியது. அவ்வாண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் மீரட்டில் குதிரைப்படை வீரர் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். மே 10-ஆம் நாள் அங்கே கிளர்ச்சி வெடித்தது. தோட்டா ஒன்றே காரணம் என்பது பிழை. நிலம், வரி, மானம் எனக் காரணங்கள் பல. எனினும் நெருப்பு அதிலேதான் பற்றியது. மறு ஆண்டு, 1858 மார்ச் 10-ஆம் நாள், டாக்டர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளுடன் அந்தமானில் வந்திறங்கினார். எங்கள் தீவின் கைதிக் குடியேற்றம் அப்படித்தான் தொடங்கியது. காகிதக் கூடு ஒன்றின் கதையில் எங்கள் ஊரின் கதையும் கலந்திருக்கிறது.

1866-இல் பிரிட்டிஷார் என்பீல்டின் பின்புறத்தைத் திறந்து மூடும்படி மாற்றினர். அதற்கு எட்வர்டு பாக்சர் என்னும் அதிகாரி மெல்லிய பித்தளைத் தகட்டில் கூடு அமைத்தார். ஏன் பித்தளை? மருந்து எரியும்போது பித்தளை விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்கும். அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி வெளிவந்துவிடும். விரிந்து மீளும் இந்தக் குணமே, கூட்டை மீண்டும் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தையும் தந்தது.

நிரப்பும் முறையின் சாரம் இதுதான். பழைய கேப்பைத் தள்ளிவிட்டு, விரிந்த கூட்டை எஃகு அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவர். புதுக் கேப்பு வைத்து, நிறுத்த மருந்தை இட்டு, குண்டைப் பொருத்துவர். செலவு குறைகிறது, தோட்டாக்கள் ஒன்றுபோல் அமைவதால் குறியும் கூர்மையாகிறது. போர் முடிந்தபின் உலகெங்கும் மிஞ்சிய லீ-என்பீல்டு போன்ற துப்பாக்கிகள் மலிவாகக் கிடைத்ததும் அங்கே இப்பொழுதுபோக்கு வளரத் துணை செய்தது.

சொல்வதற்கு எளிது, ஆனால் பித்தளை எளிதில் வசப்படாது. கும்பகோணத்துக் கன்னார் பாத்திரத்தைத் தட்டத் தட்டப் பித்தளை இறுகுகிறது. காய்ச்சி இளக்காவிட்டால் விரிசல் விடுகிறது. கூடும் அப்படியே. அதிலும் லீ-என்பீல்டின் .303 கூடு, அறை சற்றுத் தாராளமாக இருப்பதால், சுடும்தோறும் அடிப்பாகத்தில் நீண்டு மெலியும். கடைசியில் அடி தனியே கழன்றால் வாயு சுடுபவர் முகத்தை நோக்கி வரும்.

பழைய இராணுவக் கூடுகளில் வேறு தொல்லைகளும் உண்டு. முற்காலக் கேப்புகளில் பாதரசம் இருந்தது; அது பித்தளைக்குள் ஊறி அதை நொறுங்கச் செய்யும். வேறு கேப்புகள் எரிந்தபின் உப்பு ஒன்றை விட்டுச் செல்லும். அது ஈரத்தை உறிஞ்சிக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். ஆண்டில் பாதிக்குமேல் மழை பெய்யும் எங்கள் தீவில் இதைச் சொல்லவும் வேண்டுமோ? கேப்பு அமைப்பும் இரு வகை. பாக்சர் வகையில் நடுவே ஒரே துளை. கேப்பைத் தள்ளுவது எளிது. ஹைரம் பெர்டன் என்ற அமெரிக்கர் வகுத்ததில் ஓரமாக இரு துளைகள், தள்ளுவது அரிது. வேடிக்கை என்னவெனில், ஆங்கிலேயர் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கர் முறை பிரிட்டிஷ் இராணுவத்திலும் நிலைத்துவிட்டன!

இவ்வியலுக்கு நம் நாடே ஒரு பாடம் தந்தது. பிரிட்டிஷ் இராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்தது. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், சுடாத கூடுகளே வெடித்திருந்தன! குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, உள்ளே இழுவிசை தேங்கிய பித்தளையைப் பிளந்தது என்று 1921-இல் ஆய்வாளர் விளக்கினர். உலோகவியல் பயிலும் நண்பர்கள் இந்த எடுத்துக்காட்டை இன்றும் படிக்கிறார்கள்.

மருந்திலும் நமக்குப் பங்குண்டு. கரிமருந்துக்குப் பின் வந்த புகையில்லா மருந்து கார்டைட். 1889-இல் உரிமம் பெற்ற அது சேமியா போல் இழை இழையாக இருக்கும். அதைச் செய்யவே நீலகிரியில் அரவங்காடு ஆலை எழுந்தது.

இனிச் சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் தோட்டா செய்வது குற்றம். இராணுவத் தோட்டாவான .303, 7.62 மி.மீ. ஏற்கும் துப்பாக்கிகள் தடுக்கப்பட்ட வகையைச் சேர்ந்தவை. ஆகவேதான் இஷாப்பூர் ஆலை தனியார்க்கென .315 அளவில் துப்பாக்கி செய்தது. அப்படியானால் என் மேசையிலுள்ள கூடு? மற்ற உறுப்புகளோடு சேர்த்துப் பயன்படுத்தும் கருத்தின்றி வைத்திருக்கும் சிறு உறுப்பை அச்சட்டம் விலக்கிவிடுகிறது. அதை நிரப்ப வேண்டும் என்று நான் எண்ணும் நாளில் அவ்விலக்கும் போய்விடும்!

ஆனால் என்னைத் தடுப்பது சட்டம் மட்டுமன்று. என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், பன்னிரண்டு வயதில் குண்டு கழலாத தோட்டா ஒன்றைக் கண்டெடுத்தார். உள்ளே மருந்து எப்படி இருக்கும் என்று பார்க்க, குறட்டால் பிடித்துச் சுத்தியால் தட்டினார். இடக்கையில் இரு விரல்கள் போயின. இப்போது கடை வைத்திருக்கிறார். அவர் சில்லறை எண்ணித் தரும்போதெல்லாம் என் பார்வை அந்தக் கையில்தான் விழுகிறது. நாள்பட்ட மருந்து செத்துப்போன மருந்து அன்று. அத்தகைய பொருளைக் கண்டால் தொடாதீர்கள். இடத்தை நினைவில் வைத்துக் காவல் துறைக்குச் சொல்லுங்கள்.

மற்றொரு நினைவும் உண்டு. 1942 மார்ச் 23-ஆம் நாள் ஜப்பானியர் போர்ட் பிளேரில் இறங்கினர்; 2024 முதல் அந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். வந்த சில நாட்களிலேயே, வீடுகளில் புகுந்த சிப்பாய்களை நோக்கிச் சுல்பிகர் அலி என்னும் இளைஞர் காற்றுத் துப்பாக்கியால் சுட்டார். மருந்தும் இல்லை, பித்தளையும் இல்லை, வெறும் காற்று. அதற்காக அவரை ஊரார் கண்முன்னே சுட்டுக் கொன்றனர். 1944 ஜனவரி 30-ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர், ஒற்றர் என்ற ஐயத்தால் சுடப்பட்டனர்.

என் கூடு யாருடையது? பிரிட்டிஷ் .303 தோட்டாவும் ஜப்பான் கடற்படையின் 7.7 மி.மீ. தோட்டாவும் ஒரே அளவு. அடியில் முத்திரை இருந்தால் தெரியும். கடல் உப்பு அதைத் தின்றுவிட்டது. யார் சுட்டார், யார்மீது சுட்டார் என்பதை அது சொல்லாது.

குறிபார்த்தல் நல்ல கலை. மூச்சையும் மனத்தையும் அடக்கப் பழக்கும். விருப்பமுள்ள நண்பர்கள் சுடுகழகத்தில் சேர்ந்து, ஆசிரியர் துணையோடு காற்றுத் துப்பாக்கியில் தொடங்கட்டும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றது அந்தக் காற்றுத் துப்பாக்கியில்தான். என் கூடு மட்டும் எழுதுகோல்களோடு கிடக்கட்டும். இயற்பியல் நண்பருக்கு என் விடை இதுவே: நிரப்ப முடியும், நான் நிரப்பமாட்டேன்.