மலையும் மணலும்

பழந்தமிழ்ச் சான்றோர் நிலத்தைப் பகுத்தபோது கோல்கொண்டு அளந்து எல்லைக்கல் நட்டாரல்லர். அவ்வந்நிலத்தில் மலரும் பூவையும், ஓடும் நீரையும், வாழும் மக்களின் தொழிலையும் கண்டு பகுத்தனர். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி எனவும், காடும் காடுசார்ந்த இடமும் முல்லை எனவும், வயலும் வயல்சார்ந்த இடமும் மருதம் எனவும், கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் எனவும் பெயர் பெற்றன. பாலைக்குத் தொல்காப்பியர் தனிநிலம் கூறிலர். இற்றை நாள் நிலநூலார் தமிழ்நாட்டை மலை, பீடபூமி, சமவெளி, கடற்கரை எனப் பகுக்கின்றனர். இரு பகுப்புகளையும் அருகருகே வைத்து நோக்கின், ஒன்றன்மேல் ஒன்று பெரிதும் பொருந்துதல் காணலாம். நிலம் எத்தகையது என்று முன்னோர் கூறினர். அஃது எவ்வாறு உண்டாயிற்று என்பதையும் பின்னோர் ஆராய்கின்றனர்.

அவ்வாராய்ச்சி காட்டும் உண்மை ஒன்று உண்டு. குறிஞ்சி முதலிய நிலங்கள் வெவ்வேறாகத் தோன்றினும், ஒரே பொருள் வழிநடந்து தங்கிய இடங்களே அவை. கடற்கரையில் ஒரு பிடி மணலை அள்ளிப் பார்க்கும் மாணவன் மலையின் ஒரு துண்டைத்தான் கையில் வைத்திருக்கிறான். அது மலையிலிருந்து புறப்பட்டு, ஆற்றில் உருண்டு, வயலைக் கடந்து, கடலை அடைந்து, அலையால் மீண்டும் கரையில் எறியப்பட்டது.

மலையின் கதை மிகப் பழையது. கொல்கத்தா நகரின் புனித யோவான் கோயில் வளாகத்தில் சோபு சார்னாக்கு என்னும் ஆங்கில வணிகரின் கல்லறை இருக்கிறது. அதன்மேல் பதித்த கரிய கல்லை 1893ஆம் ஆண்டில் ஆராய்ந்த தாமசு ஆலந்து என்னும் நிலநூலார், அவ்வகைப் பாறைக்கு அவ்வணிகர் பெயரையே இட்டுச் சார்னோக்கைட்டு என்றார். அக்கல் வங்கநாட்டுக் கல்லன்று. சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியைச் சேர்ந்த கல்லாகும். தமிழ்நாட்டுக் கல்லுக்கு வங்கத்தில் துயிலும் ஆங்கிலேயர் பெயர் வாய்த்தது வியப்பே! நீலகிரியும் சேர்வராயன் மலையும் பெரும்பாலும் இப்பாறையால் ஆயவை. நிலத்தின் மிக ஆழத்தில், பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் வெந்து இறுகிய பாறை இது. வடதமிழ்நாட்டில் அது வெந்த காலம் இற்றைக்கு ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டதென்பர். பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்த கல் இன்று வெயிலில் கிடக்கிறது எனின், அதன்மேல் இருந்த அத்துணைக் கனமான நிலமும் மழையாலும் காற்றாலும் தேய்ந்து போயிற்று என்பது பெறப்படும்.

ஒருகாலத்தில் இந்திய நிலம் தனித்து நின்றதில்லை. ஆப்பிரிக்கா, ஆத்திரேலியா, அண்டார்க்டிகா ஆகியவற்றோடு பிணைந்து கோண்டுவானா என்னும் பெருநிலத்தின் பகுதியாய் இருந்தது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் கீழைக்கரை அண்டார்க்டிகாவினின்று பிளந்து பிரிந்தது. பிளவின் ஓரம் தாழ்ந்து பள்ளமாயிற்று. பள்ளத்திற் கடல் புகுந்தது. இன்று காவிரிப் படுகை எனப்படுவது அப்பள்ளமே. அக்கடல் எவ்வளவு உள்ளே வந்தது என்பதை அறிய விரும்புவார் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிக்குச் செல்லுதல் வேண்டும். காரை என்னும் ஊரையடுத்த களிமண் ஓடைகளில், ஆட்டுக்கடாவின் கொம்புபோற் சுருண்ட ஓடுகள் கல்லாகிக் கிடக்கும். அம்மோனைட்டு என்னும் கடலுயிரின் ஓடுகள் அவை. அவ்வினம் உலகினின்று அறவே ஒழிந்து 6 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று முழுதும் கல்லாகி ஓடைக்கரையிற் கிடக்கிறது. கரையில் வளர்ந்த அம்மரம் வெள்ளத்தால் அடித்துச் செல்லப்பட்டுக் கடற்சேற்றில் புதைந்தது. இன்றைய கடலோ அவ்வூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது! அக்கடலின் சிப்பியும் ஓடும் சுண்ணாம்புக் கல்லாய்த் திரண்டமையால்தான் அரியலூரில் சிமெண்டு ஆலைகள் எழுந்தன. இற்றை நாள் மாடிவீடுகள் பலவற்றின் சுவர்களில் அப்பழங்கடல் உறைந்து நிற்கிறது என்று கூறின் மிகையாகாது.

கிழக்கே பிளவு நேர்ந்த பின்னர், ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மேற்கே மடகாசுகரும் பிரிந்தது. மேற்கு விளிம்பு உயர்ந்தது. நிலம் கிழக்கு நோக்கிச் சாய்ந்தது. காவிரியும் வைகையும் தாமிரபரணியும் மேல்கடலை விட்டுக் கீழ்கடலை நாடி ஓடுவதற்கு இச்சாய்வே காரணம். பழம்பிளவுகளை ஒட்டி நிலம் உயர்ந்த இடத்தில் நீலகிரி மேடைபோல் எழுந்து நிற்கிறது. அதன் வடக்கே மோயாறும் தெற்கே பவானியும் அப்பிளவுகளையே வழியாகக் கொண்டன. 2,637 மீட்டர் உயர்ந்த தொட்டபெட்டா அதன் முடியாகும். நீலகிரிக்குத் தெற்கே மலைத்தொடர் அற்றுப் பாலக்காட்டுக் கணவாய் திறக்கிறது. இதுவும் நிலத்தின் தொன்மையான நலிவு வரையில் அமைந்ததே. தென்மேற்குப் பருவக்காற்று தடையின்றிப் புகுந்து கோவை நிலத்தைக் குளிர்விப்பது இவ்வாயில் வழியாகத்தான்.

கிழக்கு மலைகள் இத்தகைய தொடர்ச்சி உடையன அல்ல. சவ்வாது, கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை எனத் தனித்தனியே நிற்கும். இடையிடையே ஆறுகள் அறுத்துச் செல்லும். அவற்றினும் தேய்ந்தவை குன்றுகள். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையும் நாமக்கல் குன்றும் மதுரை யானைமலையும் சமவெளியில் எவரோ கொண்டுவந்து வைத்தாற்போலத் தோன்றும். உண்மையில் அவை புதிதாக வந்தவையல்ல. சூழ இருந்த நிலம் கரைந்தொழிய, வன்மை மிக்கமையால் எஞ்சி நின்றவை. கோயில் எடுத்தோரும் கோட்டை கட்டினோரும் இவ்வெச்சங்களைத் தேடிப் பிடித்தமை அவர்தம் கூரிய கண்ணுக்குச் சான்றாம்.

இனி மணல் பிறக்கும் வகையைக் காண்போம். பாறை ஒரே பொருளன்று. படிகக்கல், ஃபெல்சுபார் முதலிய பல மணிகள் இறுகிப் பிணைந்தது. மழைநீர் ஃபெல்சுபாரை மெல்ல அரித்துக் களிமண்ணாக்கும். படிகக்கல் நீருக்கு இளகாது. பிணிப்பு விட்டதும் மணலாய் உதிரும். களிமண் ஆற்றுநீரைக் கலக்கி வண்டலாகச் செல்லும். மணல் ஆற்றின் அடியில் உருண்டு செல்லும். மருதநிலத்து வளமும் நெய்தல் நிலத்துக் கரையும் இவ்வாறு ஒரு பாறையின் இரு கூறுகளாகப் பிரிந்து பயணம் போகின்றன. குமரிமுனையில் செம்மணலும் கருமணலும் காணப்படுவதும் இதனாலேயே. குமரித்தெய்வத்தின் திருமணத்துக்கு வைத்த அரிசி முதலியன மணலாயின என்பது நாட்டுமக்கள் கூறும் கதை. செம்மணல் கார்னெட்டு என்னும் மணி. கருமணல் இல்மனைட்டு என்னும் தாது. இரண்டும் மலைப்பாறையில் இருந்தவையே. கதை இனியது, உண்மையும் அதனினும் குறைந்த இனிமையுடையதன்று.

காவிரி இப்பணியைப் பல்லாயிரம் ஆண்டுகளாகச் செய்தது. மலையிலும் மேட்டுநிலத்திலும் விரைந்து வரும் ஆறு, திருச்சிராப்பள்ளியைத் தாண்டியதும் சாய்வு குறைந்து நடை தளர்கிறது. நடை தளர்ந்த ஆறு சுமையை இறக்கும். இறக்கிய சுமையே வழியை அடைக்கும். அடைபட்ட ஆறு கிளைத்து வேறு வழி தேடும். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதும், கல்லணைக்குக் கீழே வெண்ணாறும் அரசலாறும் குடமுருட்டியும் எனக் கிளைகள் விரிவதும் இம்முறையாலேயே. இவ்வாறு விசிறிபோல் விரிந்த வண்டல்நிலமே தஞ்சைத் தரணி. கொள்ளிடம் காவிரியினும் தாழ்ந்த மட்டத்தில் ஓடுவது. காவிரியின் நீர் முழுதும் அதன்கண் விழுந்துவிடாதபடி தடுப்பதே கல்லணையின் நோக்கம். கரிகாலன் காலத்ததெனப் போற்றப்படும் அவ்வணையை எடுத்தோர், நீரின் போக்கை மட்டுமன்றி மணலின் போக்கையும் அறிந்தவராதல் வேண்டும்.

ஆறு கொணரும் மண்ணுக்கும் கடல் அரிக்கும் மண்ணுக்கும் இடையே ஓயாத போட்டி உண்டு. தாமிரபரணியின் கழிமுகத்தில் ஆறு வென்றது. முத்துக்குப் பெயர்பெற்ற பாண்டியர் துறைமுகமாகிய கொற்கை இன்று கடலினின்று ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளே கிடக்கும் சிற்றூர். ஆறு கொணர்ந்த மண்ணால் கடல் அகன்றபோது வணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்த காயலும் பின்னர்த் தூர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் அவ்விடங்களை ஆராய்ந்த கால்டுவெல் இம்மாற்றத்தை விளங்க எழுதியுள்ளார். காவிரியின் முகத்திலோ கடல் வென்றது. பூம்புகாரின் பழங்கட்டடச் செங்கற்களை இன்று அலைவாயில் காண்கிறோம்.

கடல் தானே ஏறி இறங்குவதும் உண்டு. இற்றைக்கு 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகின் வடபகுதியில் பெரும்பனி உறைந்திருந்தமையால், கடல்மட்டம் இப்போதையினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று தமிழ்நாட்டினின்று ஈழத்துக்குக் கால்நடையாகவே சென்றிருக்கலாம். பனி உருக உருகக் கடல் ஏறி, ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய அளவை அணுகியது. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்ட செய்தியை இளங்கோவடிகள் குறிப்பிடுவார். இதனைக் கொண்டு தெற்கே ஒரு பெருங்கண்டமே முழுகியது என்று உரைப்பாரும் உளர். இந்தியப் பெருங்கடலின் ஆழ்தரையை ஆராய்ந்தோர் குமரிக்குத் தெற்கே அத்தகைய கண்டம் எதனையும் கண்டிலர். கரையோர நிலத்தைக் கடல் கொண்டது மெய். கண்டத்தைக் கொண்டது என்பது மிகை. தமிழின் பெருமைக்கு மிகை வேண்டுவதில்லை.

பாலைக்கு இனி வருவோம். முல்லையும் குறிஞ்சியும் கோடை வெப்பத்தால் தம் இயல்பு திரிந்து பாலையின் வடிவு கொள்ளும் என்பது சிலப்பதிகாரக் கருத்து. திருச்செந்தூர், சாத்தான்குளப் பகுதிகளில் தேரி எனப்படும் செம்மணற் காடுகள் உள்ளன. அவை மலையோ காடோ திரிந்தமையால் ஆயின அல்ல; ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் தென்மேற்குக் காற்றும், கடல் தாழ்ந்திருந்த காலத்து வெளிப்பட்ட கரைமணலும் கூடிச் சமைத்தவை. மணியின்மேல் படிந்த இரும்புத்துரு அவற்றைச் சிவப்பித்தது. ஆகவே நெய்தல் பெற்ற பாலை என்று தேரியைக் கூறுதல் தகும்; இலக்கணத்தார் காணாத இப்பாலையை நிலம் தானே படைத்துக்கொண்டது. பழைய வேட்டுவர் விட்டுச்சென்ற நுண்கற்கருவிகள் அம்மணலிற் கிடைத்தன. 1956ஆம் ஆண்டில் ஸாய்னர், ஆல்சின் என்னும் இருவர் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டனர். ஓடும் மணலைப் பனைகளே கட்டி நிறுத்தின. பனை வெட்டப்பட்ட இடத்தில் தேரி மீண்டும் நடக்கத் தொடங்கும் என்பதை அவ்வூர் முதியோர் நன்கு அறிவர்.

மணலின் பயணம் இக்காலத்துப் பலவிடங்களிற் தடைப்பட்டிருக்கிறது. 1934ஆம் ஆண்டில் நிறைவுற்ற மேட்டூர் அணை பல இலட்சம் ஏக்கருக்கு உரிய பருவத்தில் நீர் தருகிறது. அதன் நன்மையை எவரும் மறுத்தற்கில்லை. ஆயினும் தஞ்சைக்கு வரவேண்டிய வண்டலின் பெரும்பகுதி அவ்வணையின் அடியிலேயே படிகிறது. அணைக்குக் கீழே எஞ்சிய மணலைக் கட்டட வேலைக்காக ஆற்றுப்படுகையினின்று அள்ளிச் செல்கின்றனர். வண்டல்நிலம் தன் கனத்தால் மெல்ல அமுங்கும் இயல்பினது. மேலே புதுமண் வந்து சேராவிடின் அது கடலுக்குத் தாழ்ந்து கொடுக்கும். நாகைக் கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறியதைக் கண்ட உழவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தூத்துக்குடிக்கு அண்மையில், சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை நெடுங்காலம் வெட்டி எடுத்தனர். அதன்பின் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் இரண்டு நீரில் ஆழ்ந்தன.

சென்னைத் துறைமுகத்தின் வரலாறு இவை யாவற்றினும் தெளிவானது. தமிழ்நாட்டின் கீழைக்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கினின்று வடக்கே தள்ளுகின்றன. 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுள் சுவர்கள் நீட்டப்பட்டன. வடக்கே செல்லவிருந்த மணல் சுவரின் தென்புறத்தில் தங்கியது; மெரினா ஆண்டுதோறும் அகன்றது. மாலையில் அங்குக் காற்று வாங்குவோர் பலர், தாம் நடக்கும் மணல் ஒருகாலத்துக் கடலாயிருந்தது என்பதை எண்ணுவதில்லை. வடபுறத்திலோ இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளுக்கு வரவேண்டிய மணல் வந்திலது. கடல் தன் பங்கைக் கேட்டு உள்ளே புகுந்தது. மீனவர் குடியிருப்புகளும் சாலையும் அழிந்தன. எஞ்சியதைக் காக்க அங்குக் கருங்கற்களைக் கொட்டிக் கடற்சுவர் எழுப்பியிருக்கின்றனர். ஆறு பன்னெடுங்காலம் பொடியாக்கிக் கொணர்ந்து தந்த மலையை, இன்று வெடிவைத்துப் பிளந்து, லாரியில் ஏற்றி, அக்கரைக்குக் கொண்டுவருகின்றனர்.