அலுமினியத்தில் துரு ஏது?

அன்புள்ள தம்பிக்கு,

நீ ஒட்டிச் செய்த நாட் போர் விமான மாடலின் படங்களைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1:72 அளவில் இறக்கை முனைக்கு முனை 94 மில்லிமீட்டர்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். டீகால் ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ் பூசுவதெல்லாம் உனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உடலின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தை முதுகில் தேடினேன், அகப்படவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தத் துரு. இறக்கை அடியிலும் மூக்குக்குப் பின்னாலும் செம்பழுப்பாகத் தடவியிருக்கிறாயே, என்ன அது? நாட் விமானத்தின் மேல்தகடு அலுமினியக் கலவை. வெளுக்கும், மங்கும், பெயின்ட் உரிந்த இடத்தில் வெள்ளியாகத் தெரியும். துரு மட்டும் பிடிக்காது. அழுக்குதான் ஆசையென்றால் அதற்கென்று இடம் இருக்கிறது. காற்றை உள்வாங்கும் இரண்டு வாய்களின் வெளிப்பக்கத்திலும் ஆளுக்கொரு 30 மி.மீ. பீரங்கி. சுட்டால் கரி படியும். வால் பக்கம் ஜெட் குழாயின் முனையில் சூடு பட்டு நீலமும் பழுப்பும் ஓடியிருக்கும். இந்த இரண்டு இடத்தையும் நீ தொடவே இல்லை!

நீ எடுத்துக்கொண்டது 18-ஆவது ஸ்குவாட்ரன். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்து நிர்மல் ஜித் சிங் செகோன் மேலே போனது அந்த ஸ்குவாட்ரன் நாட் ஒன்றில்தான். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள். அவர் ஏறிய விமானத்தைக் காயலான் கடைச் சரக்கு மாதிரி ஆக்கினால் எனக்குக் கோபம் வராதா?

அடுத்தது பேனல் கோடு. இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்குக் கெட்ட பெயர். நீ கறுப்பு வாஷ், அதாவது நீர்த்த பெயின்ட், ஓடவிட்ட கோடு 0.3 மி.மீ. என்றே வைத்துக்கொள். 72-ஆல் பெருக்கு: 21.6 மி.மீ. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே கட்டைவிரலை விடலாம். அப்படியொரு விமானத்தில் நீ ஏறுவாயா? மேஜையில் ஓரடி தள்ளிப் பார்ப்பது நிஜத்தை 72 அடி தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அங்கிருந்து மூட்டுக் கோடு எத்தனை தெரியும்? அசையும் பாகங்களின் ஓரம், அதாவது எய்லரான், சுக்கான், அங்கே நிஜமாகவே இடைவெளி உண்டு, அங்கே கறுப்பு இருக்கட்டும். மற்ற இடத்துக்கு உடல் நிறத்தையே ஒரு சாயல் கூட்டினால் போதும்.

எங்கள் காலத்துக் கிட்டுகளில் இந்தக் கோடுகள் பள்ளமாக இருக்காது, மேடாக இருக்கும். பர்மா பஜாரிலிருந்து சித்தப்பா பாலிதீன் பையில் ஒரு ஏர்ஃபிக்ஸ் ஸ்பிட்ஃபயர் வாங்கி வந்தார். டியூப் பசை நூல் நூலாக இழுக்கும். மூட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பக்கத்துக் கோடும் சேர்ந்து போய்விடும். ஆன்டெனா கம்பிக்கு, பாகங்களை வெட்டியெடுத்த பின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே உருட்டிக் காட்டுவோம். நடுப்பகுதி பளபளத்துத் தொய்ந்ததும் தீயிலிருந்து விலக்கி, ஒரே சீராக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும், தயங்கினால் தடித்துவிடும். சரியாக வந்த இழை தலைமுடி அளவு. பிளாஸ்டிக் நாற்றத்துக்கு அம்மாவிடம் வாங்கிய திட்டு தனி.

ஆனால் உன் விமானத்தின் அந்தச் சக்கரங்கள்! பறக்கும் விமானத்தில் சக்கரத்தைப் பாதி இறக்கி வைத்திருக்கிறாய். பார்ப்பவர்கள் தப்பு என்பார்கள். நாட் விமானத்துக்கு ஏர்பிரேக் என்று தனியாகக் கிடையாது, சக்கரத்தையும் கதவுகளையும் கொஞ்சம் இறக்கித்தான் வேகத்தைக் குறைப்பார்கள் என்பதைப் படித்து, கதவுகளை வெட்டி மாற்றி ஒட்டியிருக்கிறாய். இத்தனை வருஷத்தில் இதை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. அபாரம், தம்பி.

அடுத்து ஹன்டர் என்று எழுதியிருக்கிறாய். உடல் நிறம் பூசி முடித்ததும், வாஷ் குப்பியைத் திறக்குமுன், எனக்கு ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்