ப்ளூஸ் படிக்கப் போகிறவனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கிட்டாரில் ப்ளூஸ் பழகுகிறவன் அதன் வரலாற்றையும் படிக்க ஆசைப்படுவதில் மாமாவுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் ராபர்ட் ஜான்சன் நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றார் என்ற கதையில் இருந்து தொடங்காதே. 1938இல், 27 வயதில் இறந்த அவர் விட்டுப்போனது 29 பாட்டுகள். இருந்த காலத்தில் கறுப்பின ரசிகர்களிடமே அவருக்குப் பெரிய பெயர் கிடையாது. 1960களில் வெள்ளைக்கார ரசிகர்கள்தான் அவரை உச்சியில் தூக்கி வைத்தார்கள். எலைஜா வால்டின் ‘எஸ்கேப்பிங் த டெல்டா’ இதை விளக்கமாகச் சொல்கிறது. அது பிறகு.

முதலில் ‘ப்ளூஸ் பீப்பிள்’. 1963இல் லீராய் ஜோன்ஸ் எழுதியது. பின்னாளில் அமிரி பராக்கா என்று பெயர் மாற்றிக்கொண்டவர். அடிமைகளாக வந்திறங்கியவர்கள் அமெரிக்கர்களாக ஆன வரலாற்றை இசையை வைத்தே சொல்கிறார். சில முடிவுகளில் அவசரம் தெரியும். இருந்தாலும் அவருடைய கோபம் உனக்குத் தெரிய வேண்டும்.

அடுத்து ஏஞ்சலா டேவிஸ் 1998இல் எழுதிய ‘ப்ளூஸ் லெகசீஸ் அண்ட் பிளாக் ஃபெமினிசம்’. ப்ளூஸ் இசைத்தட்டுச் சந்தையைத் திறந்துவிட்டது 1920இல் மேமி ஸ்மித் பாடிய ‘கிரேஸி ப்ளூஸ்’. அந்தப் பத்தாண்டின் பெரிய நட்சத்திரங்கள் மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் என்ற பெண்கள். இரைச்சல் மிகுந்த பழைய தட்டுகளைக் கேட்டு, அவர்கள் பாடிய வரிகளை எல்லாம் டேவிஸ் எழுத்தில் கொண்டுவந்திருக்கிறார். பாட்டை ஓடவிட்டுக்கொண்டு அந்தப் பக்கங்களைப் படி.

ஆலன் லோமாக்ஸின் ‘த லேண்ட் வேர் த ப்ளூஸ் பிகேன்’ அழகான நடை, படித்தே ஆக வேண்டும். ஆனால் தனியாகப் படிக்காதே. 1941இல் மிசிசிப்பியின் ஸ்டோவல் பண்ணையில் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸை லோமாக்ஸ் ஒரு கள ஆய்வுக்காக ஒலிப்பதிவு செய்தபோது, ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் கூட இருந்தார். கறுப்பினப் பேராசிரியர், இசையமைப்பாளர். அவரும் லூயிஸ் ஜோன்ஸ், சாமுவேல் ஆடம்ஸ் ஆகியோரும் அந்த ஆய்வுக்காக எழுதிய கையெழுத்துப் பிரதிகள் சுமார் அறுபது ஆண்டுகள் அச்சேறாமல் கிடந்து, 2005இல்தான் ‘லாஸ்ட் டெல்டா ஃபவுண்ட்’ என்று நூலாயின. லோமாக்ஸின் நூலில் வொர்க்குக்கு உரிய இடம் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், யார் பாடினார்கள் என்பதோடு யார் எழுதிவைத்தார்கள், யார் பெயர் விடுபட்டது என்பதும் புரியும்.

மிசிசிப்பி டெல்டாவில் இருந்து ப்ளூஸ் சிகாகோ போன பாதைக்கு ராபர்ட் பாமரின் ‘டீப் ப்ளூஸ்’ போதும்.

டேவிஸ் புத்தகம் என்னிடம் இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன். ‘ப்ளூஸ் பீப்பிள்’ நீயே வாங்கு; முடித்ததும் எந்த இடத்தில் உனக்கு ஒப்பவில்லை என்று விவரமாக எழுது.

அன்புடன்,
மாமா