மின்சாரமும் ஹைட்ரஜனும் தரும் கலம்

துத்தநாகத் துண்டொன்றை நீர்த்த கந்தக அமிலத்தில் இட்டால் ஹைட்ரஜன் குமிழியிட்டு எழுவதை நாம் பள்ளி ஆய்வகத்திலேயே கண்டுள்ளோம். குடுவை சூடேறுவதையும் உணர்ந்திருப்போம். அச்சூடு வீணாகும் ஆற்றல். அதே அமிலத்தில் துத்தநாகத் தகட்டையும் செம்புத் தகட்டையும் ஒன்றையொன்று தொடாவண்ணம் நிறுத்திக் கம்பியால் இணைப்போமாயின், துத்தநாகம் விடுக்கும் எலக்ட்ரான்கள் கம்பி வழியே செம்பை அடைந்து, அங்கே ஹைட்ரஜன் அயனிகளுடன் சேர்கின்றன. வாயு செம்பின்மேல் எழுகிறது. சூடாய்ப் போகவிருந்த ஆற்றலின் பெரும்பகுதி மின்சாரமாய் வெளிப்படுகிறது.

வோல்ட்டா 1800இல் அறிவித்த மின்னடுக்கின் வழிவந்த இவ்வெளிய கலத்தில் ஹைட்ரஜன் பகையாகவே கருதப்பட்டது. குமிழிகள் செம்பை மூடி மின்னோட்டத்தைத் தளர்த்தின. 1836இல் இலண்டனில் டேனியல், செம்பைச் சுற்றி மயில்துத்தக் கரைசலை வைத்தார். ஹைட்ரஜனுக்கு மாறாகச் செம்பே படிந்தது. 1840இல் ஆல்பிரட் ஸ்மீ என்னும் ஆங்கில மருத்துவர் வேறு வழி கண்டார். வெள்ளித் தகட்டின்மேல் நுண்ணிய பிளாட்டினத் துகளைச் சொரசொரப்பாய்ப் படியவைத்தார். குமிழிகள் ஒட்டி நில்லாது வெளியேறின. டேனியல் ஹைட்ரஜனைப் பிறவாமலே தடுத்தார். ஸ்மீயோ அதற்கு வாயில் திறந்துவிட்டார். நம் நோக்கில், இரு பயன் தரும் கலத்திற்கு முன்னோடி ஸ்மீயின் கலமே. ஆயினும் அதனை விரும்பி ஏற்ற முலாம் பூசுவோர்க்கு வேண்டியிருந்தது மின்னோட்டம் ஒன்றுதான்.

ஒரு செலவில் இரு வரவு என மகிழுமுன் கணக்கைப் பார்ப்போம். 65 கிராம் துத்தநாகம் கரைந்தால் 2 கிராம் ஹைட்ரஜன் கிடைக்கும். அதனை எரித்தால் 286 கிலோஜூல் வெப்பம். கலத்தின் மின்னழுத்தம் மிகுதியாகப் போனால் ஏறத்தாழ 0.76 வோல்ட்டாதலின், மின்சாரமாய் 147 கிலோஜூலுக்கு மேல் எதிர்பார்க்க இயலாது. இரண்டும் சேர்ந்து 433. துத்தநாகத்தை மின்னாற்பகுப்பால் பிரித்தெடுக்கவோ கிலோவுக்கு ஏறத்தாழ 3 யூனிட் மின்சாரம் செலவாகிறது. 65 கிராமுக்கு அது 700 கிலோஜூல். எனவே இக்கலம் ஆற்றலைப் படைப்பதன்று. துத்தநாகத்தில் முன்னரே அடைத்து வைத்ததைத் திருப்பித் தருவது.

அங்ஙனமாயின் பயனில்லையோ? உண்டு. கலத்தில் எஞ்சும் துத்தநாக சல்பேட்டுக் கரைசலைப் பகலில் சூரிய மின்சாரத்தால் பகுத்தால் துத்தநாகமும் அமிலமும் மீள்கின்றன. அப்போது ஆக்சிஜன் வெளிவருகிறது. இரவில் கலத்தை இயக்கினால் மின்சாரத்துடன் ஹைட்ரஜன் வருகிறது. நீரை நேரே பகுக்கையில் இவ்விரு வாயுக்களும் ஒருங்கே பிறப்பதால் அவை கலந்து வெடிக்காவண்ணம் இடையே தடுப்பு வேண்டும். இங்கோ ஒன்று பிறக்கும் வேளையில் மற்றொன்று பிறப்பதில்லை.